பிரெஞ்சு தற்காப்பு: கறுப்புக் காய்களின் நோக்கங்கள்

சதுரங்கத்தில் முதல் நகர்வு வெள்ளைக்கே உரியது என்பதால், கறுப்புக் காய்களுடன் அமர்கிறவர் எதிராளி எழுப்பும் கேள்விக்கு விடை சொல்லும் நிலையிலேயே ஆட்டத்தைத் தொடங்குகிறார். அவ்விடைகளுள் நெடுங்காலம் ஆடி ஆராயப்பட்டுப் பெயரும் பெற்றவை தற்காப்புகள் என்று வழங்கப்படுகின்றன. வெள்ளை தன் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும்போது, கறுப்பு தன் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி விடை தந்தால், அது பிரெஞ்சு தற்காப்பு எனப்படும். 1834இல் லண்டன், பாரிஸ் நகரங்களின் சதுரங்கக் கழகங்கள் கடிதம் வழியாக ஆடத் தொடங்கிய போட்டியில் பாரிஸ் அணி இந்த விடையைக் கையாண்டு வென்றதிலிருந்து இப்பெயர் நிலைத்தது.

இந்நூலில் கட்டங்கள் பயிற்சி வகுப்புகளில் உரக்கச் சொல்லப்படும் முறையிலேயே எழுதப்படுகின்றன: வெள்ளையின் இடக்கோடியிலிருந்து நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச், வெள்ளையின் பக்கத்திலிருந்து கிடைவரிசைகள் 1 முதல் 8 வரை. காய்களுக்குக் கொங்கு வட்டார வீடுகளில் புழங்கும் பெயர்களே போதும். ராஜா, ராணி, குதிரை, சிப்பாய் ஆகியவற்றில் குழப்பமில்லை. மூலையில் நிற்பது யானை, குறுக்காக ஓடுவது மந்திரி. கோவையிலும் ஈரோட்டிலும் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் மந்திரியைப் பிஷப் என்றே சொல்லிப் பழகியிருப்பார்கள், இரண்டும் ஒன்றே.

அடிப்படை நிலை 1. இ4 இ6 2. டி4 டி5 என்ற நான்கு நகர்வுகளில் உருவாகிவிடுகிறது. இவற்றை மனப்பாடம் செய்வதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. இதன்பின் வரும் கிளைகளோ தடித்த நூல்களை நிரப்புபவை. பள்ளி மாணவர் பலர் அந்தக் கிளைகளைக் கணினியிலிருந்து எழுதியெடுத்து ஒப்பித்துக்கொண்டு போட்டிக்குப் போகிறார்கள். எதிராளி ஏழாம் நகர்விலேயே ஏட்டில் இல்லாத ஒன்றை ஆடியதும், ஒப்பித்தது அத்தனையும் பயனற்றுப்போய், எந்தக் காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். பிரெஞ்சு தற்காப்பில் கறுப்பு செய்ய முனையும் காரியங்கள் மிகச் சிலவே. வெள்ளையின் சிப்பாய்ச் சங்கிலியை எங்கே தாக்குவது, சி8இல் அடைபட்ட மந்திரியை என்ன செய்வது, தன் ராஜாவை எப்போது எங்கே ஒதுக்குவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தவர், கிளைகளை மறந்தாலும் ஆட்டத்தை இழப்பதில்லை. இந்த அத்தியாயம் அக்கேள்விகளைப் பற்றியது.

இ6 என்ற சிறிய நகர்வு

இந்த நகர்வு செய்யும் முதல் வேலை எஃப்7 கட்டத்தைக் காப்பது. ஆட்டத்தின் தொடக்கத்தில் எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. வெள்ளை மந்திரியை சி4இலும் ராணியை எச்5இலும் வைத்து நான்கே நகர்வில் மேட் செய்யும் பழைய சூழ்ச்சி அந்தப் பலவீனத்தையே குறிவைக்கிறது. பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் இச்சூழ்ச்சியை நம்பி வரும் எதிராளிகள் இன்றும் உண்டு. சி4இலிருந்து எஃப்7ஐ நோக்கும் குறுக்கு வழியை இ6 சிப்பாய் அடைத்துவிடுகிறது. அடுத்து டி5 வந்தால் சி4 மந்திரி தாக்கப்பட்டு ஓட வேண்டியதாகி, வெள்ளை ஒரு நகர்வை இழக்கிறது.

இரண்டாவது வேலை டி5க்குத் துணை நிற்பது. கறுப்பு உடனடியாக டி5 ஆடினால், வெள்ளை அதை வெட்ட, ராணி வெட்டி மீட்டு மையத்துக்கு வர, வெள்ளைக் குதிரை சி3க்கு வந்து ராணியை விரட்டும். முதலில் இ6 வைத்துவிட்டால், டி5இல் வெட்டு விழும்போது சிப்பாயால் மீட்டு, மையத்தில் சிப்பாயை நிலைநிறுத்தலாம். ஆக, மையத்தை முதலில் வெள்ளைக்கு விட்டுக்கொடுத்து, உடனே அடுத்த நகர்வில் அதைக் கேள்வி கேட்பதே இத்தற்காப்பின் குணம். வீட்டில் அப்புச்சியிடம் பழைய நாட்டு முறையில் ஆட்டம் கற்ற பிள்ளைகளுக்கு இது எளிதாகக் கைவரும். அந்த முறையில் சிப்பாய்க்கு முதலிலும் ஒரு கட்ட நகர்வே உண்டு என்பதால், சிப்பாயைச் சிறுகத் தள்ளிப் பின்னால் காய்களை அடுக்கும் பொறுமை அவர்களுக்கு முன்பே பழகியிருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இ6இல் சிப்பாய் நின்றதும் சி8இல் உள்ள மந்திரிக்கு வெளியேறும் வழி அடைபடுகிறது. பிரெஞ்சு தற்காப்பைக் கற்கிறவர் இந்த விலையை முதல் நாளிலேயே உணர்ந்து ஏற்க வேண்டும். ஏற்காதவர்கள் இதைவிட்டு சிசிலியன் தற்காப்புக்கோ காரோ-கான் தற்காப்புக்கோ போய்விடுவது நல்லது.

சங்கிலியின் அடி

வெள்ளை மூன்றாம் நகர்வில் இ5 என்று முன்னேறினால், அது முன்னேற்றக் கிளை. அப்போது டி4, இ5 ஆகிய இரு கட்டங்களிலும் குறுக்காக ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வெள்ளைச் சிப்பாய்கள் ஒரு சங்கிலியாகின்றன. தாங்கப்படும் இ5 அதன் தலை, தாங்குகிற டி4 அதன் அடி. எதிரே கறுப்புக்கும் டி5, இ6, எஃப்7 என்று ஒரு சங்கிலி அமைகிறது. சிப்பாய்ச் சங்கிலியை அதன் அடியில் தாக்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1920களில் வலியுறுத்தி எழுதியவர் ஆரோன் நிம்சோவிச். காலிங்கராயன் வாய்க்கால் பாயும் வயல்களில் வரப்பின் தலையை மண்வெட்டியால் சீவினாலும் வரப்பு நிற்கும், அடியில் நண்டு வளை விழுந்தால் ஒரே இரவில் உடைப்பெடுக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இக்கோட்பாட்டை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆகவே கறுப்பின் மூன்றாம் நகர்வு சி5. வெள்ளை டி4ஐக் காக்க சி3 ஆடும்; கறுப்புக் குதிரை சி6க்கு வந்து டி4ஐ நோக்கும்; வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்து காக்கும்; கறுப்பு ராணி பி6க்கு வந்து மீண்டும் டி4ஐ நோக்கும். இன்னொரு குதிரை ஜி8இலிருந்து இ7 வழியாகவோ எச்6 வழியாகவோ எஃப்5ஐ அடைந்ததும் டி4 மீதான அழுத்தம் நான்காகிறது. இங்கே எல்லாக் காய்களும் ஒரே கட்டத்தைப் பார்த்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். கறுப்பின் நகர்வுகள் ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரு கட்டமே காரணம் என்பதை உணர்ந்தவருக்கு வரிசையை ஒப்பிக்கும் தேவை எழுவதில்லை. பி6 ராணிக்கு இரண்டாவது வேலையும் உண்டு: வெள்ளை சி1 மந்திரியை டி4இன் காவலுக்காக இ3க்குக் கொண்டுவந்தால் பி2 சிப்பாய் காவலின்றி நின்றுவிடும்.

இந்த நிலையில் விழும் பொறி ஒன்றைப் பலகையில் காய்களை வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1. இ4 இ6 2. டி4 டி5 3. இ5 சி5 4. சி3 குதிரை சி6 5. குதிரை எஃப்3 ராணி பி6 என்று வந்தபின், வெள்ளை 6. மந்திரி டி3 என்று ஆடுகிறது. கறுப்பு சி5 சிப்பாயால் டி4இல் வெட்ட, வெள்ளை சி3 சிப்பாயால் மீட்கிறது. இப்போது டி4 சிப்பாய்க்கு எஃப்3 குதிரை மட்டுமே காவல் போலத் தோன்றும்; டி1 ராணியின் பார்வையை டி3இல் நிற்கும் சொந்த மந்திரியே மறைக்கிறது. கறுப்புக்கோ குதிரை, ராணி என இரு தாக்குதல்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் குதிரையால் டி4ஐ வெட்டினால், வெள்ளைக் குதிரை மீட்க, கறுப்பு ராணி மீண்டும் வெட்ட, அந்தக் கணத்தில் டி3 மந்திரி பி5க்குப் பாய்ந்து ராஜாவுக்குச் செக் வைக்கும். மறைப்பு விலகியதால் டி1 ராணியின் கண் நேரே டி4 ராணி மீது விழும். செக்கைத் தீர்க்கும் நகர்வில் ராணியைக் காப்பாற்ற வழியில்லை. கறுப்பு செய்ய வேண்டியது ஏழாம் நகர்வில் மந்திரி டி7 என்ற அமைதியான நகர்வே. பி5இலிருந்து வரக்கூடிய செக் அதனால் அடைபட்டுவிடுவதால், அடுத்து டி4ஐ வெட்டும் மிரட்டல் உண்மையாகிறது. அதற்குப் பின்னும் வெள்ளை கோட்டை கட்டிக்கொண்டு, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்திக்கொண்டு, டி4 சிப்பாயைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கலாம். மில்னர்-பேரி என்ற ஆங்கிலேயரின் பெயரால் வழங்கும் இந்தத் தியாகத்தில், ஒரு சிப்பாய்க்கு ஈடாக வெள்ளைக் காய்கள் விரைந்து வெளிவருகின்றன. கறுப்பு டி4ஐ எடுத்தபின் இ5ஐயும் எடுக்கும் ஆசையை அடக்கி, ஏ6 ஆடி, பி5 கட்டத்துக்கு வரவிருக்கும் வெள்ளைக் குதிரையைத் தடுப்பதே நிதானமான வழி.

அடியைத் தாக்குவது முதல் வேலை என்றாலும் தலையைத் தாக்கும் காலமும் ஒன்று வரும். எஃப்6 ஆடி இ5ஐக் கேள்வி கேட்பது அது. டி4, இ5 இரண்டும் ஒரே சமயத்தில் அழுத்தப்படும்போது வெள்ளையால் இரண்டையும் தாங்க முடியாமல் போகிறது. இ5 சிப்பாய் எஃப்6இல் வெட்ட, குதிரை மீட்க, எஃப் நெடுவரிசை கறுப்பு யானைக்குத் திறக்கிறது. பதிலுக்கு இ6 சிப்பாய் பக்கத்துணை இல்லாமல் பின்தங்கி, வெள்ளை யானைகளின் இலக்காகிறது. காய்கள் வெளிவந்து ராஜா கோட்டைக்குள் போன பிறகே எஃப்6 ஆட வேண்டும். அதன்பின் இ5 என்று அந்தப் பின்தங்கிய சிப்பாயையும் தள்ளிவிட முடிந்தால் கறுப்பின் இன்னல்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடைபட்ட மந்திரி

டி5, இ6 ஆகிய சொந்தச் சிப்பாய்கள் வெண்கட்டங்களில் நிற்க, வெண்கட்டங்களிலேயே நடக்கக்கூடிய சி8 மந்திரி அவற்றின் பின்னால் முடங்குகிறது. இத்தகைய மந்திரியைக் கெட்ட மந்திரி என்பார்கள். பிரெஞ்சு தற்காப்பில் கறுப்பு தோற்ற ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால், இருபது நகர்வுக்குப் பின்னும் இந்த மந்திரி சி8இலேயே, ஏ8 யானையின் வழியையும் மறித்துக்கொண்டு நிற்பதைப் பலமுறை காணலாம். எனவே ஒவ்வோர் ஆட்டத்திலும் இதற்கு ஒரு திட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

மிகவும் தெளிவான திட்டம், பி6 ஆடி மந்திரியை ஏ6க்குக் கொண்டுபோய், வெள்ளையின் வெண்கட்ட மந்திரியோடு பரிமாறிக்கொள்வது. கறுப்பின் மிக மோசமான காயும் ராஜா பக்கத் தாக்குதலுக்கு வெள்ளைக்கு மிகத் தேவையான காயும் ஒன்றாகப் பலகையை விட்டு வெளியேறுவதால், இந்தப் பரிமாற்றம் கறுப்புக்குப் பெரும் ஆதாயம். ராணி பி6இல் நிற்கும் அமைப்புகளில் இது முடியாது. அங்கே மந்திரி டி7 போய், சந்தர்ப்பம் வாய்த்தால் பி5இல் பரிமாற்றம் கேட்கும். மூன்றாவது வழி நீளமானது: எஃப்6 ஆடியபின் டி7, இ8, அங்கிருந்து எச்5 அல்லது ஜி6 என்று ராஜா பக்கத்தைச் சுற்றி வெளியே வருவது. முடங்கிக் கிடந்த காய் திடீரென்று வெள்ளையின் எஃப்3 குதிரையைக் கட்டிப்போடுவது, இத்தற்காப்பை விரும்பி ஆடுகிறவர்களுக்குக் கிடைக்கும் தனி இன்பம்.

இச்சிக்கலையே விரும்பாதவர்கள் மூன்றாம் நகர்வில் டி5 சிப்பாயால் இ4ஐ வெட்டிவிட்டு, மந்திரியை டி7 வழியாக சி6இல் அமர்த்தும் ஃபோர்ட் நாக்ஸ் அமைப்பைத் தேர்கிறார்கள். அது உறுதியானது, ஆனால் வெற்றிக்கு ஆட விரும்பும் இளையோருக்கு அதில் இடம் குறைவு.

மந்திரி வெளிவரும் முன் ராஜாவுக்கு வரும் ஆபத்து

வெள்ளை இ5இல் சிப்பாயை நிறுத்தியதும் எஃப்6 கட்டம் கறுப்புக் குதிரைக்கு இல்லாமல் போகிறது. எச்7ஐக் காக்கும் இயல்பான காவலன் எஃப்6 குதிரையே என்பதால், கறுப்பு அவசரப்பட்டு ராஜா பக்கத்தில் கோட்டை கட்டினால், டி3 மந்திரி எச்7 சிப்பாயை வெட்டித் தன்னையே பலி தந்து ராஜாவை வெளியே இழுக்கும். குதிரை ஜி5இல் செக் வைக்க, ராணி எச்5க்கு வந்துவிட்டால் ஆட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். கோட்டை கட்டுவதற்கு முன் கறுப்பு பார்க்க வேண்டியவை: ஜி5 கட்டத்தை இ7 மந்திரி காக்கிறதா, அந்த மந்திரி ஜி5இல் வெட்டினால் மீட்பதற்கு வெள்ளையின் எச் சிப்பாய் எச்4இல் காத்திருக்கிறதா, குதிரை எஃப்8க்கு வந்து எச்7ஐத் தாங்க நேரமிருக்கிறதா என்பவை. மையத்தில் டி4 மீது அழுத்தம் நீடிக்கும் வரை வெள்ளைக்கு இந்தத் தாக்குதலுக்குக் காய் மிஞ்சுவதில்லை. அழுத்தத்தைக் கறுப்பு தானே விலக்கிக்கொள்ளும்போதுதான் ராஜா பக்கத்தில் புயல் கிளம்புகிறது.

இதற்குத் தமிழ் வாசகர்கள் நெஞ்சில் நிறுத்தத் தக்க ஆட்டம் ஒன்று உண்டு. 2000 டிசம்பரில் டெஹ்ரானில் நடந்த ஃபிடே உலகச் சாம்பியன் போட்டியின் இறுதிச் சுற்றில், விஸ்வநாதன் ஆனந்த் அலெக்சி ஷிரோவை 3½–½ என்று வென்று பட்டம் பெற்ற நான்காவது ஆட்டம் பிரெஞ்சு தற்காப்பே. 3. குதிரை சி3 குதிரை எஃப்6 4. இ5 குதிரை எஃப்-டி7 5. எஃப்4 சி5 என்று போகும் ஸ்டைனிட்ஸ் கிளையில், வெள்ளையின் சங்கிலி டி4, இ5, எஃப்4 என்று மூன்று சிப்பாய்களாக அகன்று நிற்கும். ஷிரோவ் ராணி பக்கத்தில் ஏ6, பி5 என்று முன்னேறி, பத்தாம் நகர்வில் சி5 சிப்பாயை சி4க்குத் தள்ளினார். அந்த நகர்வு ராணி பக்கத்தில் இடம் பிடித்துத் தந்தது. ஆனால் டி4 மீது சி5 சிப்பாய் செலுத்திய அழுத்தம் அதோடு நின்றுபோயிற்று. ஆனந்த் உடனே ஜி4 ஆடி ராஜா பக்கத்தைத் திறக்கத் தொடங்கினார். சி4 எப்போதும் தவறு என்று இதைக்கொண்டு முடிவு செய்துவிடக்கூடாது; உலகத் தரத்தில் அதை ஆடித் தாங்கியவர்கள் உண்டு. ஆயினும், சங்கிலியின் அடியைத் தாக்குவதை விட்டுவிடுகிறவர் பதிலுக்குத் தமக்கு என்ன கிடைக்கிறது என்பதைத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும் என்று இளம் ஆட்டக்காரருக்குச் சொல்ல இதைவிட நல்ல ஆட்டம் கிடைக்காது.

இதே கிளையில் கறுப்பு வென்ற கதை 24 ஆண்டுகள் கழித்து வந்தது. சிங்கப்பூரில் 2024 நவம்பர் 25 அன்று தொடங்கிய உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில், சென்னையின் டி. குகேஷ் வெள்ளைக் காய்களுடன் இ4 ஆட, சாம்பியன் டிங் லிரென் இ6 என்று விடை தந்தார். இம்முறை குகேஷ் ஆறாம் நகர்வில் சி3 குதிரையை இ2க்குப் பின்வாங்கி, ஏழாம் நகர்வில் சி3 ஆடி, டி4க்குச் சிப்பாயின் தாங்கலைத் தந்தார். சங்கிலி பி2, சி3, டி4, இ5 என்று நீண்டதால் அதன் அடி பி2க்கு இறங்கிவிட்டது. டிங்கின் ஏழாம் நகர்வு ஏ5. பார்வைக்குத் தொடர்பில்லாத ஓர் ஓரச் சிப்பாய் நகர்வு போன்றிருந்தாலும், அந்தச் சிப்பாய் ஏ4, ஏ3 என்று இறங்கி வந்து பி2 சிப்பாயை அதன் இடத்திலிருந்து அசைத்தது. அதனால் வெள்ளையின் ராணி பக்கம் குலைந்து, கறுப்புக் குதிரை பி6 வழியாக சி4இல் வந்து அமர்ந்தது. ராஜா பக்கத்தில் ஜி4 ஆடித் தாக்கப் புறப்பட்ட குகேஷ் 42 நகர்வுகளில் தோற்றார். அடி எங்கே நகர்கிறதோ அங்கே தாக்குதலும் நகர வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு உலக மேடையில் கிடைத்த அண்மைச் சான்று இந்த ஆட்டம்; கறுப்பில் பிரெஞ்சு ஆடுகிறவர் இதன் முதல் இருபது நகர்வுகளைத் தம் கையால் ஆடிப்பார்க்க வேண்டும். அதே போட்டியின் 5ஆம், 13ஆம் ஆட்டங்களிலும் டிங் பிரெஞ்சு தற்காப்பையே நம்பினார். இரண்டும் சமனில் முடிந்தன. டிசம்பர் 12 அன்று குகேஷ் 7½–6½ என்று போட்டியை வென்று 18 வயதில் சாம்பியனானார். ஆனால் பிரெஞ்சு தற்காப்பை அவர் மூன்று முயற்சியிலும் உடைக்கவில்லை என்பது இத்தற்காப்பை ஆடுகிறவர்களுக்கு ஊக்கம் தரும் செய்தி.

மற்றக் கிளைகள்

வெள்ளை 3. குதிரை சி3 ஆடும்போது கறுப்பு எஃப்6 குதிரைக்குப் பதிலாக மந்திரியை பி4க்குக் கொண்டுபோய் அந்தக் குதிரையைக் கட்டிப்போடலாம். போலந்து நாட்டு வினாவரின் பெயரால் வழங்கும் கிளை இது. 4. இ5 சி5 5. ஏ3 என்றதும் கறுப்பு தன் மந்திரியைக் கொடுத்து சி3 குதிரையை வாங்கிக்கொள்கிறது. வெள்ளைக்கு சி நெடுவரிசையில் இரட்டைச் சிப்பாய்கள் சேர்ந்து, ஆட்டம் முழுதும் தொல்லை தரும் பலவீனமாக நிற்கின்றன. கறுப்புக்கோ கருங்கட்டங்களைக் காக்கும் மந்திரி போய்விடுகிறது. எஃப்8இல் இருந்த அந்த மந்திரிதான் ஜி7க்குக் காவல் என்பதால், வெள்ளை ராணி ஜி4க்கு வந்து ஜி7, எச்7 சிப்பாய்களை வேட்டையாடும். 1960இல் மாஸ்கோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் மிகைல் டால் இப்படி ராணியால் புகுந்து போட்வின்னிக்கை 32 நகர்வில் வென்றார். அந்த டாலின் பெயரில்தான் 1972இல் மானுவல் ஆரோன் சென்னையில் சதுரங்கக் கழகம் தொடங்கினார். ஆனந்த் சிறுவயதில் ஆடிப் பழகிய இடம் அது. வினாவர் கிளை அழகானது, ஆனால் ஒரு நகர்வு தவறினாலும் மன்னிக்காதது. தொடக்கநிலையினர் இரண்டு மூன்று ஆண்டுகள் ஸ்டைனிட்ஸ் கிளையை ஆடிய பிறகு இதற்கு வருவது நல்லது.

பி4 கட்டுக்கு இடம் தராமல் வெள்ளை 3. குதிரை டி2 ஆடினால் அது டார்ராஷ் கிளை. டி2 குதிரை டி5 மீது நேரடி அழுத்தம் தருவதில்லை என்பதால் கறுப்பு தயங்காமல் சி5 ஆடலாம். வெள்ளை டி5இல் வெட்ட, கறுப்பு இ6 சிப்பாயால் மீட்டால், மந்திரியின் வழி திறந்துவிடும். விலையாக டி5 சிப்பாய் பக்கத்துணையற்ற தனிச் சிப்பாயாகும். 1974இல் கார்ப்போவுக்கு எதிராகக் கோர்ச்னோய் இந்த நிலையை மீண்டும் மீண்டும் ஏற்று ஆட, கார்ப்போவால் அவற்றுள் ஒன்றையும் வெல்ல முடியவில்லை.

மூன்றாம் நகர்விலேயே வெள்ளை டி5இல் வெட்டுவது பரிமாற்றக் கிளை. உள்ளூர்ப் போட்டிகளில் இது மிகுதியாக வருகிறது. தம்மைவிடத் தரப்புள்ளி கூடிய எதிராளியிடம் சமன் வாங்கிக்கொண்டு போக நினைப்பவர்களின் புகலிடம் இது. இதைக் கண்டு சலித்துக்கொள்வது தவறு. கறுப்பின் அடைபட்ட மந்திரி மூன்றாம் நகர்விலேயே இலவசமாக விடுதலை பெறுகிறது என்பதைக் கவனித்தால், மகிழ்ச்சி அடைய வேண்டியவர் கறுப்பு ஆட்டக்காரரே. நிலை இருபுறமும் ஒரே சாயலில் இருப்பதால், வெற்றி வேண்டுகிறவர் சாயலைக் குலைக்க வேண்டும்: மந்திரி டி6, குதிரைகள் சி6, இ7, மற்றொரு மந்திரி ஜி4 என்று அடுக்கி, வெள்ளை ராஜா பக்கத்தில் கோட்டை கட்டினால் கறுப்பு ராணி பக்கத்தில் கட்டலாம். சிங்கப்பூரின் 5ஆம் ஆட்டம் இந்தக் கிளைதான்; அதிலும் நடுவில் சிரமப்பட்டவர் வெள்ளையே.

கொங்கு வட்டாரப் போட்டிகளுக்கு ஆயத்தமாதல்

மாமல்லபுரத்தில் 2022இல் ஒலிம்பியாட் நடந்ததும், அதற்கு முன்பே 2019இல் ஈரோட்டின் ப. இனியன் இந்தியாவின் 61ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனதும், சென்னைக்கு வெளியிலும் உயர்தர ஆட்டம் வளரும் என்பதை இப்பகுதிப் பெற்றோருக்கு உணர்த்தின. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் வட்டாரங்களில் பள்ளி, கல்லூரி அரங்குகளில் ஞாயிறுதோறும் நடக்கும் ஒருநாள் போட்டிகள் பெரும்பாலும் குறைந்த நேர ஆட்டங்கள். காலையில் தொடங்கி மாலைக்குள் பல சுற்று முடிந்துவிடும். யோசிக்க நேரமற்ற இத்தகைய ஆட்டத்தில் பிரெஞ்சு தற்காப்பின் பெரிய நன்மை, சிப்பாய் அமைப்பு ஏறக்குறைய மாறாமல் இருப்பது. முதல் சுற்றில் வந்த டி4, இ5 சங்கிலி நான்காம் சுற்றிலும் வரும். செய்ய வேண்டிய வேலையும் அதுவேயாக இருக்கும்.

பயிற்சிக்கு ஒரு முறை பரிந்துரைக்கத் தக்கது. இருவர் பலகையின் இருபுறமும் அமர்ந்து, முன்னேற்றக் கிளையின் ஐந்தாம் நகர்வு முடிந்த நிலையிலிருந்து ஆடத் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கம் மாற வேண்டும். வெள்ளையாக ஆடும்போது டி4ஐத் தாங்குவது எவ்வளவு தொல்லை என்பது தெரியவருவதால், அடுத்து கறுப்பாக அமரும்போது அழுத்தத்தை எளிதில் விடமாட்டார்கள். அக்காவும் தம்பியுமாக ஒரே வீட்டில் ஆடும் பிள்ளைகளுக்கு இது மிகவும் ஏற்றது. கறுப்பு தன் நகர்வை வைக்கும் முன், அந்த நகர்வு டி4ஐத் தாக்குகிறதா, மந்திரியை விடுவிக்கிறதா, ராஜாவைக் காக்கிறதா என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் சேராத நகர்வைத் திரும்ப எடுத்து வேறொன்றை யோசிக்க வேண்டும்.

போட்டி முடிந்து வீடு திரும்பியதும், கறுப்பில் ஆடிய ஆட்டங்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சி8 மந்திரி எத்தனையாவது நகர்வில் வெளியே வந்தது, சி5 எத்தனையாவது நகர்வில் ஆடப்பட்டது, எஃப்6 ஆடப்பட்டதா என்ற மூன்று குறிப்புகளை ஒவ்வோர் ஆட்டத்தின் கீழும் இட வேண்டும். கணினியின் மதிப்பீட்டை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கணினியைத் திறக்கிற பிள்ளை, எந்த நகர்வில் தவறியது என்பதை மட்டுமே தெரிந்துகொள்கிறது. குறிப்பெழுதிய பிள்ளைக்கோ, டி4 மீதான அழுத்தம் எந்த நகர்வில் தளர்ந்தது, அப்போது கறுப்பு வேறு எதைக் கருதி அதை விட்டது என்பதும் தெரிந்திருக்கும். ஐந்தாறு போட்டிகள் கழிந்ததும் அந்தக் குறிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, மந்திரி சி8இலேயே தங்கிவிட்ட ஆட்டங்களைத் தனியே எடுத்து, பி6, டி7, இ8 ஆகிய மூன்று வழிகளில் எது அந்த நிலையில் திறந்திருந்தது என்று பயிற்சியாளருடன் அமர்ந்து தேட வேண்டும்.